“ஆண்டவர் காட்டினார்” என்ற பிறகு யார் கேள்வி கேட்பது?

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த கார்டு (அந்த வருஷத்துக்கான வேதவசனம் அச்சடித்த அட்டை) எடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருஷம் பிறக்கும்போது கையில் ஒரு வசனம் இருப்பது நல்லதுதான். அந்த கார்டை வைத்து மனை வாங்கலாமா, வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா என்று முடிவெடுக்கிறவர்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

கார்டுகளில் அடிக்கடி வரும் எரேமியா 29:11ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” இதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து அச்சடித்தால் எத்தனை பேர் ஆமென் சொல்வார்கள்? பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா எழுதியனுப்பின கடிதம் இது. பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகுதான் திரும்பிவரப் பண்ணுவேன் என்கிறார் கர்த்தர். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்றைக்கு என்ன செய்வது என்பதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். இதை யாரும் “எனக்குக் கிடைத்த வார்த்தை” என்று சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை.

என்னுடைய மனத்தாங்கல் கார்டைப் பற்றியதுகூட அல்ல. “ஆண்டவர் என்னோடு பேசினார்” என்று ஒருவர் சொன்னதும் எதிரில் இருப்பவர் வாயடைத்துப் போகிறாரே, அதைப் பற்றியது. வரன் பேசும் இடத்தில் இது அதிகம் நடக்கும். “ஜெபித்தோம், ஆண்டவர் இந்த இடத்தைத்தான் காட்டினார்” என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டால், பையன் என்ன சம்பாதிக்கிறான், குடிப்பானா என்று விசாரிப்பதே அவிசுவாசம் ஆகிவிடுகிறது. எங்கள் சொந்தத்தில் ஒரு அத்தை மட்டும் இப்படி ஒரு பேச்சின் நடுவே கேட்டார்: “உங்களுக்குக் காட்டின ஆண்டவர் எங்க பொண்ணுக்கும் காட்டட்டும், அதுவரைக்கும் காத்திருப்போம்.” அத்தைக்கு இறையியல் பட்டம் எதுவும் கிடையாது.

ஆலயத்தில் ஆசாரியன் ஏலியிடம் வளர்ந்த சிறுவன் சாமுவேலை நினைத்துப் பாருங்கள். கர்த்தர் அவன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். சத்தமும் தெளிவாகத்தான் கேட்டது. ஆனாலும் மூன்று முறை ஏலியிடம்தான் ஓடினான். அது யாருடைய சத்தம் என்று சொல்ல, கண் மங்கிப்போன, சொந்தப் பிள்ளைகளையே அடக்கத் தெரியாத அந்தக் கிழவர் தேவைப்பட்டார். வந்த செய்தியோ ஏலியின் வீட்டுக்கு விரோதமானது. அதையும் மறைக்காமல் சொல் என்று கேட்டு வாங்கி, “அவர் கர்த்தர், அவர் தமது பார்வைக்கு நலமானதைச் செய்வாராக” என்றார். நமக்கு வருகிற வழிநடத்துதல் எல்லாம் நாம் ஏற்கெனவே ஆசைப்பட்டதாகவே இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். (ஆட்டுத்தோலைப் போட்டுக் கர்த்தரிடம் அடையாளம் கேட்ட கிதியோனை ஆதாரம் காட்ட வருகிறவர்களுக்கு: தோலைப் போடுவதற்கு முன்பே அவனுக்குப் பதில் சொல்லப்பட்டாயிற்று.)

அப்போஸ்தலர் 16 இன்னும் ருசியானது. பவுலும் கூட்டாளிகளும் ஆசியாவில் (இன்றைய கண்டம் அல்ல, அன்றைய ரோம மாகாணம்) வசனத்தைச் சொல்லாதபடி ஆவியானவர் தடுத்தார், பித்தினியாவுக்கும் போகவிடவில்லை. எப்படித் தடுத்தார் என்று இதை எழுதிய லூக்கா சொல்லவில்லை. பிறகு பவுலுக்கு ஒரு தரிசனம். கண்டது ஒருவர், ஆனால் “நாங்கள் நிச்சயித்துக்கொண்டு” என்றுதான் எழுதியிருக்கிறது. கூட்டாளிகள் சேர்ந்து எடுத்த முடிவு அது. தரிசனத்தில் வந்தது மக்கெதோனியா ஆண். அந்த மக்கெதோனியாவின் பிலிப்பி பட்டணத்தில் ஆற்றங்கரையில் இருந்ததோ பெண்கள். முதலில் இருதயம் திறக்கப்பட்ட லீதியாள் தியத்தீரா ஊர்க்காரி. தியத்தீரா எங்கே இருக்கிறது? பவுல் போகக் கூடாது என்று தடுக்கப்பட்ட அதே ஆசியாவில்! கொஞ்ச நாளில் பவுலுக்கு அடியும், சிறையில் கால்களை மாட்டிவைக்கும் தொழுமரமும். “தடை வந்தால் ஆண்டவருக்குச் சித்தமில்லை” என்று சுலபமாகச் சொல்லுகிறவர்கள் இந்த அதிகாரத்தை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

நம் பக்கத்திலும் ஒரு சம்பவம் உண்டு. ஐடா ஸ்கடர் மிஷனரி குடும்பத்தில் பிறந்தாலும் மிஷனரி ஆகவே கூடாது என்று இருந்த பெண். உடம்பு சரியில்லாத அம்மாவுக்கு உதவத் திண்டிவனம் வந்திருந்தார். ஓர் இரவு ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிக்கு உதவக் கூப்பிட்டார்கள். அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவு ஜெபத்தில் கழிந்தது உண்மை. ஆனால் அழைப்பு வந்தது வாசலில் நின்ற அந்த மூன்று பேர் வழியாக. பிறகு அமெரிக்கா போய்ப் படித்து, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கி, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய சி.எம்.சி. (வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) அப்படி வளர்ந்ததுதான்.

நம் சாட்சி நேரத்தில் ஜெயித்த கதைகள் மட்டும்தான் மேடை ஏறுகின்றன. “ஆண்டவர் சொன்னார் என்று நினைத்தேன், சபையில் நாலு பேர் விசாரித்துப் பார்த்து வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டேன்” என்று யாராவது மைக்கில் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால் எந்த ஊர் சபை என்று கமெண்டில் எழுதுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன்.