வெயில் தாக்கிய நாய்க்குக் குளிர்ந்த நீர் ஆகாதா?

"வெயிலில் சுருண்டு விழுந்த நாயின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள், அதிர்ச்சியில் இதயம் நின்றுவிடும்" என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. அது தவறு. நம்பிக் கைகட்டி நின்றால் நாயின் உயிருக்கே ஆபத்து.

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். பதறி வண்டி பிடித்து ஓடுவதற்குள் காலம் கடந்துவிடலாம். அதனால்தான் முதலில் குளிர்வியுங்கள், பிறகு மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள் என்கிறது லண்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி. அதன் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம்.

இளவயது, ஆரோக்கியமான நாய் என்றால் தலை மட்டும் வெளியே இருக்கும்படி குளிர்ந்த நீரில் இறக்கலாம். வயதான, நோயுள்ள நாய் என்றால் உடலெங்கும் நீரை ஊற்றி மின்விசிறிக் காற்று படவிடுங்கள். ஐஸ் தேடி அலைய வேண்டியதில்லை. நாயின் உடலைவிடக் குளிர்ந்த எந்த நீரும் உதவும். ஈரத் துண்டைப் போர்த்தி வைப்பதுதான் (பலரும் நல்லதென்று நினைத்துச் செய்வது இது) கூடாது: சற்று நேரத்தில் துண்டே சூடாகி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். மயங்கிக் கிடக்கும் நாய்க்கு நீர் புகட்டவும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

அந்தத் தகவல் உங்களுக்கும் வந்தால், தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள்.