பிலோமினா என்றால் ‘ஒளியின் மகள்’ இல்லை

குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் கவனத்துக்கு. யூடியூபில் பாதிப் பேர் பிலோமினாவுக்கு ‘ஒளியின் மகள்’ என்று அடித்துச் சொல்கிறார்கள். கேட்க அழகுதான், ஆனால் தப்பு.

இது சுத்தமான கிரேக்கப் பெயர். ‘ஃபிலேயோ’ என்றால் நேசிக்கிறேன். அதிலிருந்து வருவது ‘ஃபிலுமெனே’, அதாவது நேசிக்கப்படுகிறவள். நம் ஊர் ‘செல்லம்மா’ மாதிரி.

ஒளி எப்படி உள்ளே வந்தது? 1802 மே மாதம் ரோமில், பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் ஒரு குழியை மூடியிருந்த மூன்று சுட்ட மண் ஓடுகள் கிடைத்தன. ‘லுமேனா’, ‘பாக்ஸ் தே’, ‘கும் ஃபி’ என்ற வரிசையில் எழுத்து. முதல் ஓட்டைக் கடைசிக்குத் தள்ளினால் ‘பாக்ஸ் தேகும் ஃபிலுமேனா’: ஃபிலுமேனா, உனக்குச் சமாதானம். பெயர் இப்படி ‘ஃபி’, ‘லுமேனா’ என்று இரண்டாக உடைந்து கிடந்ததால், லத்தீனில் ‘ஃபிலியா’ மகள், ‘லூமென்’ ஒளி என்று சேர்த்துக்கொள்ள வசதியாகிவிட்டது. 1833-இல் நேப்பிள்ஸ் கன்னியாஸ்திரி ஒருவர் தனக்குக் கிடைத்த வெளிப்பாடு என்று சொன்னதிலும் இதே விளக்கம் வர, அப்படியே பரவியது.

ஆனால் கி.மு. 165-இல் ரோமில் மேடையேறிய, ரோமானிய நாடகாசிரியர் டெரன்ஸின் ‘மாமியார்’ நாடகத்திலேயே மருமகள் பெயர் ஃபிலுமேனா! அந்தக் கல்லறை தோண்டப்படுவதற்கு வெகுகாலம் முன்பே புழங்கிய பெயர்.

பெயர் அகராதிகள் சில ‘வலிமையை விரும்புபவள்’ என்கின்றன (‘மெனோஸ்’ = வலிமை). அப்படியானால் ‘ஃபிலோ’ என்று ‘லோ’ வர வேண்டும்; ஓட்டில் இருக்கும் ‘லு’வுக்குக் கணக்கு உதைக்கும். கிரேக்கப் புராணத்தில் நைட்டிங்கேல் பறவையாக மாறிய பிலோமெலாவோ வேறு பெயர், வேறு கதை.

அந்தக் கல்லறைப் பெண்ணைத்தான் கத்தோலிக்கர்கள் புனித பிலோமினா என்று வணங்கினார்கள். ‘அந்தப் புனிதையை நீக்கிவிட்டார்களே, வைக்கலாமா?’ என்று கேட்பவர்களும் உண்டு. 1961 பிப்ரவரியில் திருவழிபாட்டு நாட்காட்டியிலிருந்து அவர் திருநாளை எடுத்தார்கள், அவ்வளவுதான். மைசூர் பேராலயம் இன்றும் அவர் பெயரில்தான் நிற்கிறது. தாராளமாக வையுங்கள்.

வைத்தால் ஆங்கில எழுத்தில் மட்டும் ஜாக்கிரதை. நம் பக்கம் ‘மினா’ என்று உச்சரிப்பதால் எம்முக்குப் (M) பிறகு ‘ஐ’ (I) போட்டுவிடுகிறோம். கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘எ’ ஒலிக்கான எப்சிலன் எழுத்து, அதனால் ‘ஈ’தான் (E) மூலத்துக்குப் பக்கம். எதைப் போட்டாலும் ஞானஸ்நானச் சான்று, பிறப்புச் சான்று, ஆதார் மூன்றிலும் ஒரே எழுத்து இருக்கட்டும். ஒன்றில் ‘ஈ’, இன்னொன்றில் ‘ஐ’ என்றால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய வேண்டியிருக்கும்.