பத்தாயிரம் கேம் இருக்கிறதாம்!

பழைய வீடியோ கேம் கருவிகளில் எதன் விளையாட்டுத் தொகுப்பு சிறந்தது என்று பேச்செடுத்தால், தருமபுரி நான்கு ரோட்டில் டீ குடித்துக்கொண்டு நிற்பவரானாலும் சரி, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவரானாலும் சரி, முதலில் நம் முகத்தில் எறிவது ஓர் எண்ணைத்தான். "பிளேஸ்டேஷன் ஒன்னுல ஏழாயிரம் கேம்டா, நின்டெண்டோ 64ல நானூறுகூட தேறாது, அப்புறம் என்ன பேச்சு?" என்று கேட்டுவிட்டு, வழக்கில் தீர்ப்பு எழுதி முடித்தவரைப் போல டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுகிறார்கள். நாற்பது வயதை நெருங்கிய மனிதர்கள் இவர்கள். இதற்கு மேல் வாதிட்டால், "உனக்கு நின்டெண்டோ பைத்தியம்" என்ற பட்டம் வேறு கிடைக்கிறது.

இதைச் சொல்கிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதுதான் எனக்கு ஆறாத எரிச்சல். மாங்காய் சீசனில் கூழ்த் தொழிற்சாலைகளுக்கு லாரி லாரியாகப் போகிற பெங்களூராவின் டன் கணக்கைக் காட்டி, அல்போன்சாவைவிட அதுவே உயர்ந்த பழம் என்று வெளியூர்க்காரர் யாராவது சொன்னால், கிருஷ்ணகிரி மண்டியில் அவரைச் சிரித்தே அனுப்பிவிடுவார்கள். கேம் என்று வந்துவிட்டால் மட்டும் அதே ஆட்கள் தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

எண்கள் பொய்யல்ல. முதல் பிளேஸ்டேஷனுக்கு 7,900க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வெளிவந்ததாகச் சோனியே கணக்குச் சொல்லியிருக்கிறது. நின்டெண்டோ 64க்கு உலகம் முழுவதும் வெளிவந்தவை 388. ஆனால் அந்த 7,900க்குள் என்னவெல்லாம் அடைந்து கிடக்கின்றன என்று ஒருவராவது பார்த்ததுண்டா? ஜப்பானில் 1,500 யென் விலைக்கு விற்பதற்கென்றே 'சிம்பிள் 1500' என்று ஒரு வரிசை வந்தது. அது மட்டுமே நூறைத் தாண்டும், அதன் முதல் வெளியீடே மாஜாங் என்ற வில்லை ஆட்டம். மாஜாங், பச்சின்கோ என்ற உருண்டைச் சூதாட்டம், குதிரைப் பந்தயம் என்று ஜப்பானிய மொழி தெரியாவிட்டால் முதல் திரையைக்கூடத் தாண்ட முடியாத எத்தனையோ விளையாட்டுகள் அந்தக் கணக்கில் அடக்கம். அவற்றில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்திராத நம் ஆள், எல்லாவற்றையும் தன் கட்சிக்குச் சேர்த்துக்கொண்டு சண்டைக்கு வருகிறார்.

பிளேஸ்டேஷனுக்கு அத்தனை விளையாட்டுகள் ஏன் வந்தன என்பதும் மர்மமல்ல. குறுந்தகட்டை மலிவாகவும் விரைவாகவும் அச்சிட்டுவிடலாம். விற்றால் மேலும் அச்சிடலாம், விற்காவிட்டால் நட்டம் தாங்கக்கூடியதுதான். நின்டெண்டோ 64 நம்பியிருந்த கேசட்டோ, அதாவது அந்தச் சில்லுப் பெட்டியோ, விலை கூடியது; செய்து கைக்கு வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்; கொள்ளளவும் அதிகபட்சம் 64 மெகாபைட்தான். ஆகவே அந்த எண் நமக்குச் சொல்வது, அந்தக் கருவிக்கு விளையாட்டு வெளியிடுவதில் எவ்வளவு பணம் முடங்கும் என்பதை மட்டுமே. உற்பத்திச் செலவுக் கணக்கைத் தரச் சான்றிதழாகத் தூக்கிக் காட்டுகிறவரிடம் என்னவென்று பேசுவது?

எண்ணிக்கை பெருகினால் தரம் பெருகும் என்று நம்பி ஒரு தொழிலே மண்ணைக் கவ்வியது உண்டு. 1977இல் வந்த அட்டாரி 2600க்கு யார் வேண்டுமானாலும் விளையாட்டு செய்து விற்கலாம் என்ற நிலை ஏற்பட்டபோது, கேம் பக்கம் தலைவைத்தும் படுத்திராத நிறுவனங்கள்கூடக் கடை விரித்தன. 1982இல் ஒரு பெரிய திரைப்படத்தின் பெயரில் வந்த 'ஈ.டி.' விளையாட்டைக் கிறிஸ்துமஸ் விற்பனைக்காக ஐந்தாறு வாரத்தில் செய்து முடித்தார்கள். விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமோகோர்டோ குப்பைமேட்டில் கொட்டிப் புதைத்தார்கள். 2014இல் தோண்டியபோது அவை அங்கேயே கிடந்தன. 1983க்குப் பிறகு அமெரிக்காவில் வீட்டு வீடியோ கேம் வியாபாரமே சரிந்து விழுந்தது. அன்றைய கடைகளில் கேம்களுக்குப் பஞ்சமில்லை; வாங்கிய பின் எதுவும் விளையாடத் தக்கதாக இருக்கும் என்ற நம்பிக்கைக்குத்தான் பஞ்சம்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த நின்டெண்டோ, 1985இல் அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது தன் எட்டு பிட் கருவிக்குள் ஒரு பூட்டுச் சில்லை வைத்தது. அனுமதி பெறாத கேசட் ஓடாது. அனுமதி பெற்ற நிறுவனமும் ஓர் ஆண்டில் ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடக் கூடாது என்றது. கோனாமி நிறுவனம் 'அல்ட்ரா' என்ற வேறு பெயரில் இன்னொரு கடையைத் திறந்துதான் அந்த வரம்பைத் தாண்ட வேண்டியிருந்தது. இந்தக் கெடுபிடியில் நின்டெண்டோவின் பேராசையும் இருந்தது, நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. என்றாலும் எண்ணிக்கையைக் குறைத்ததால் ஒரு தொகுப்பு உருப்பட்டது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

சரி, அந்த எட்டு பிட் தொகுப்பையாவது நம்மவர்கள் விளையாடியிருக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. நம் வீடுகளுக்கு வந்தது நின்டெண்டோவே அல்ல. அதே கருவி ஜப்பானில் 1983இல் ஃபேமிகாம் என்ற பெயரில் வெளியானது; அதைப் பார்த்துச் செய்த நகல் கருவிகள்தான் வந்தன. எல்லாவற்றுக்கும் நாம் வைத்த ஒரே பெயர் டிவி கேம். அதனுடன் '9999 இன் 1' என்று அச்சிட்ட மஞ்சள் கேசட் ஒன்று வரும். திறந்தால் மாரியோ, டேங்க், ரோடு ஃபைட்டர், சர்க்கஸ், எக்ஸைட்பைக், டக் ஹண்ட், ஐஸ் கிளைம்பர். நாலைந்து பக்கம் தாண்டினால் அதே மாரியோ வேறொரு பெயரில், மூன்றாவது உலகத்திலிருந்து தொடங்கும். அதையும் புது கேம் என்று நம்பித்தான் அன்று பொழுதைப் போக்கினோம். ஆறாம் வகுப்புப் பையன் நம்பியதில் தவறில்லை. ஆனால் அந்த மஞ்சள் கேசட்டைத்தான் இன்றைக்கும் "நின்டெண்டோ கேம் எல்லாம் பார்த்தாச்சு" என்பதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

அந்தக் கேசட்டில் குறிப்பிட்ட விளையாட்டுகள் மட்டுமே திரும்பத் திரும்ப வந்ததற்குக் காரணம் அவற்றின் அளவு. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். அதைப் போன்ற தொடக்கக்கால விளையாட்டுகள் கேசட்டுக்குள் கூடுதல் சில்லு எதுவும் இல்லாமலே ஓடும். ஆகவே நகல் எடுப்பவனுக்கு அவற்றை ஒரே பலகையில் அடுக்குவது எளிது, மலிவு. 1988இல் வந்த மூன்றாம் மாரியோ 384 கிலோபைட். அதற்குத் தனிச் சில்லு வேண்டும். 1993இல் வந்த கிர்பி அட்வென்ச்சர் 768 கிலோபைட். விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு ஜெல்டா, ஃபைனல் ஃபேண்டஸி, மூன்றாம் டிராகன் குவெஸ்ட் ஆகியவற்றின் கேசட்டுக்குள் ஒரு பேட்டரியே வைத்திருந்தார்கள். அந்தச் செலவை எந்த நகல்காரனும் செய்ய மாட்டான். எனவே நம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தது, பத்தாண்டுக்கு மேல் வளர்ந்த ஒரு தொகுப்பின் முதல் மூன்று ஆண்டுத் துணுக்கு. அதை வைத்துக்கொண்டு முழுத் தொகுப்புக்கும் மதிப்பெண் போடுகிறார்கள்.

பிளேஸ்டேஷன் விஷயத்திலும் இதே கதைதான், இடம் மட்டும் வேறு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியாத 2004க்கு முந்தைய நாட்களில், பேருந்து நிலையங்களின் பின்பக்கத் தெருக்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய கேம் சென்டர்களில்தான் எங்களில் பலர் அதை முதன்முதலில் தொட்டோம். மணிக்குக் காசு கொடுப்பவன் எதை விளையாடுவான்? இரண்டு பேர் சேர்ந்து உடனே மோதிக்கொள்ளும் டெக்கன் 3, மல்யுத்தத்தில் ஸ்மாக்டவுன் 2. ஃபைனல் ஃபேண்டஸி 7 மூன்று தகடுகளில் வந்த விளையாட்டு. அதை முடிக்க நாற்பது மணி நேரம் வேண்டும். சேமிக்க மெமரி கார்டு வேண்டும். சென்டர்காரரிடம் அது இருக்காது, இருந்தாலும் 15 பிளாக், அதாவது சேமிக்க 15 இடம் மட்டுமே உள்ள கார்டில் நம் கணக்கை அழிக்காமல் விட்டுவைக்க மாட்டார்கள். போதாக்குறைக்குக் கரண்ட் வேறு போய்விடும். இதனால் சூய்கோடன் 2, வேகிரண்ட் ஸ்டோரி, சிம்பொனி ஆஃப் த நைட் என்று அந்தக் கருவியின் உண்மையான சொத்து எதுவோ, அதை எங்கள் ஊரில் அநேகமாக யாருமே தொடவில்லை. பிளேஸ்டேஷனே சிறந்தது என்று தொண்டை கிழியக் கத்துகிறவர், தான் கத்துவதற்கான நியாயமான காரணம் எது என்பதையே அறியாமல் கத்துகிறார். எதிரணியில் இருக்கிற நான்தான் அவருக்கு அதை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு கொடுமை, நம்மவர்கள் 'முஸ்தபா' என்று அழைக்கும் விளையாட்டு. அது எந்தக் கருவிக்குச் சொந்தமானது என்ற தகராறு ஓய்ந்தபாடில்லை. ஒருவர் சேகா என்கிறார், ஒருவர் பிளேஸ்டேஷன் என்கிறார். கேப்காம் 1993இல் வெளியிட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்ற அந்த விளையாட்டு, காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரத்துக்காகச் செய்யப்பட்டது. அன்றைய வீட்டுக் கருவி எதற்கும் அது வரவே இல்லை. கணினியில் எமுலேட்டர், அதாவது பழைய இயந்திரத்தைப் போல நடிக்கும் மென்பொருள் போட்டு ஆடியதை எந்தக் கருவியின் கணக்கில் வேண்டுமானாலும் வரவு வைக்கலாம் என்றால், ஒப்பீடு என்று ஒன்றை எதற்காகச் செய்ய வேண்டும்?

ஒரு தொகுப்பை எப்படித்தான் எடை போடுவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: உச்சியையும் பார்க்காதீர்கள், மொத்தத்தையும் பார்க்காதீர்கள், நடுவில் கையை விட்டு எடுத்துப் பாருங்கள். உச்சியில் எல்லாக் கருவிக்கும் நான்கு மாணிக்கங்கள் இருக்கும். நின்டெண்டோ 64க்கு சூப்பர் மாரியோ 64, கோல்டன் ஐ, ஒக்கரினா ஆஃப் டைம் இருக்கின்றன. அவற்றுக்கு இணை சொல்வது கடினம். ஆனால் அந்த உச்சிக்குக் கீழே இறங்கினால் தரை சட்டென்று வந்துவிடுகிறது. கதைவழி ஆட்டம் வேண்டுமென்றால் விரல்விட்டு எண்ணலாம். சண்டை ஆட்டங்களும் சொற்பம். என்னை நின்டெண்டோ பைத்தியம் என்கிறவர்கள் இந்த வரியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கட்டும்.

நடுவில் கைவிட்டுப் பார்க்கும் சோதனையில் 1990இல் பிறந்த நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாமை, அதாவது மேற்கில் சூப்பர் நின்டெண்டோ என்று விற்ற கருவியை, அசைக்க ஆளில்லை. குரோனோ டிரிகர், சூப்பர் மெட்ராய்ட் என்று எல்லோரும் சொல்லும் பெயர்களை விட்டுவிடுங்கள். இரண்டாம் வரிசையில் நிற்கிற ஆக்ட்ரெய்சர், சோல் பிளேசர், டீமன்ஸ் கிரெஸ்ட், டெர்ரானிக்மா எதை எடுத்தாலும் செய்தவனின் அக்கறை தெரியும். அதற்காக அதன் போட்டிக் கருவியான சேகா மெகா டிரைவை மட்டம் தட்டுவதும் அறியாமைதான். அதன் மோட்டரோலா 68000 செயலி வேகமானது. கிரேடியஸ் 3 சூப்பர் நின்டெண்டோவில் குண்டுகள் கூடியதும் நொண்டியடித்ததை நினைத்துக்கொண்டு, தண்டர் ஃபோர்ஸ் 4 மெகா டிரைவில் பாயும் பாய்ச்சலைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். சுடும் ஆட்டம், தெருச் சண்டை, விளையாட்டுப் போட்டி ஆகியவற்றில் அதன் நடு வரிசையே பலமானது. ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 2, கன்ஸ்டார் ஹீரோஸ் இரண்டையும் நண்பனோடு ஆடியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. 1993இல் மார்ட்டல் காம்பாட் என்ற சண்டை ஆட்டம் இரண்டு கருவிக்கும் வந்தபோது நின்டெண்டோ ரத்தத்தை வியர்வையாக மாற்றியது. மெகா டிரைவில் ரகசியக் குறியீட்டை அழுத்தினால் ரத்தம் வந்தது. இப்படி வகை வகையாகப் பிரித்துப் பேசுவதற்குத்தான் ஒப்பீடு என்று பெயர்.

எந்த நாட்டுத் தொகுப்பைப் பேசுகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். சேகா சாட்டர்ன் என்ற கருவி மேற்கில் படுதோல்வி; ஜப்பானிலோ அதன் அலமாரி நிறைந்து வழிந்தது. அமெரிக்கக் கணக்கை மட்டும் வைத்து அதைத் தூக்கி எறிவது, பாதி விடைத்தாளைக் கிழித்துவிட்டு மதிப்பெண் போடுகிற வேலை.

இத்தனைக்கும் மேல் இப்போது கையடக்கப் பெட்டிகள் வந்துவிட்டன. எந்த மொபைல் கடைக்குப் போனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்று தொங்குகிறது, மேலே '10,000 கேம்ஸ்' என்று கொட்டை எழுத்தில். வாங்கி வந்து திறந்தால் ஒரே சோனிக் ஜப்பான் பதிப்பாக, அமெரிக்கப் பதிப்பாக, ஐரோப்பியப் பதிப்பாக மூன்று இடத்தில் இருக்கிறது. பாதிப் பெயர்கள் நடுவில் வெட்டுப்பட்டிருக்கின்றன. சில திறப்பதே இல்லை. சேமித்தது மறுநாள் காணாமல் போகிறது. மஞ்சள் கேசட் செய்த அதே ஏமாற்று வேலையை இது மெமரி கார்டில் செய்கிறது. இதில் ஒவ்வொன்றாகத் திறந்து, அரை நிமிடம் ஆடி, மூடிவிட்டு, "எல்லா கன்சோலும் ஆடிட்டேன்டா, பிளேஸ்டேஷன்தான் டாப்பு" என்று மறுநாள் டீக்கடைக்கு வருகிறார் நம் நண்பர்.

நான் வாங்கிய பெட்டியைத் திரும்ப எடுத்துப்போய், எனக்குப் பத்தாயிரம் வேண்டாம், ஒழுங்காகச் சேமிக்கிற ஐம்பது போதும், அவற்றைப் பட்டியல் எழுதியே தருகிறேன் என்று கடைத் தம்பியிடம் கேட்டேன். பட்டியலை அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் பாக்க நேரமில்லண்ணா. வேணும்னா சொல்லுங்க, இன்னொரு அஞ்சாயிரம் கேம் ஏத்தித் தரேன்" என்றார்.