காப்பிக் களத்தில் கார் நிறுத்துகிறவர்களுக்கும், அதைக் கண்டுகொள்ளாதவர்களுக்கும்

ஏற்காட்டுக்கு விடுமுறைக் கூட்டம் ஏறிவிட்டால் எங்கள் ஊர்க் காப்பிக் களம் கார் நிறுத்துமிடம் ஆகிவிடுகிறது. டிசம்பர் கடைசி வாரம், பொங்கல் விடுமுறை, இடையில் வருகிற ஒவ்வொரு சனி, ஞாயிறு. காப்பிப் பழம் களத்துக்கு வருவதும் அதே மாதங்களில்தான். நவம்பரில் பறிப்பு தொடங்கினால் ஜனவரி தாண்டும்வரை ஓயாது. அதன் பின்னாலேயே மிளகு வந்து நிற்கும். ஆண்டில் களம் தேவைப்படுவதே அந்த மூன்று நான்கு மாதங்கள்தான். அப்போது அது எங்களுக்கு இல்லை. ஆடி மழையில் வேண்டுமானால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், ஒரு பயலும் கேட்க மாட்டான்!

எஸ்டேட்காரர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அவர்களுக்குச் சொந்தக் களம், பழத்தோலை உரிக்கிற பல்பர் இயந்திரம், கிடங்கு எல்லாம் இருக்கின்றன. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் எங்களைப் போன்ற மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்கு வீட்டு வாசல்தான் களம். மண் வாசலில் காய்ந்த காப்பியில் மண்வாடை ஏறும், விலை இறங்கும். அதற்காகத்தான் சிமெண்ட் களம் கேட்டுக் கிராம சபையில் மனுக் கொடுத்தோம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் களம் வந்தது. கல் சுமந்ததும் மண் அள்ளியதும் எங்கள் ஊர்ப் பெண்கள்தான். இன்று அதே பெண்களைத்தான் களத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

போன பறிப்பில் நடந்ததைச் சொல்கிறேன். என் அத்தை பழத்தைப் பரப்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. காப்பி காயவைப்பது துணி உலர்த்துகிற வேலை இல்லை. நாலு விரல்கடை கனத்துக்கு மேல் போகாமல் பரப்ப வேண்டும். வெயில் ஏற ஏறக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் குவித்து, பனி இறங்காமல் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். நல்ல வெயில் கிடைத்தால் இரண்டு வாரத்தில் பக்குவம் வரும். ஒரு கை அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் வருவதற்கு ஒரு வாரம் பாக்கி இருந்தபோது ஒரு பெரிய வண்டி களத்தில் ஏறியது. “கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளுங்கள் பாட்டி” என்றார் வண்டிக்காரர். மரியாதையாகத்தான் சொன்னார், அதைக் குறை சொல்ல முடியாது. பின்னால் இன்னும் நான்கு வண்டிகள். அவற்றை வரிசையாக நிறுத்திவிட்டு, காருக்கு ஐம்பது, வேனுக்கு நூறு என்று ஒருவர் வசூல் செய்துகொண்டிருந்தார். ரசீது? அதெல்லாம் எதற்கு!

அரைகுறையாகக் காய்ந்த பழத்தை மூலையில் குவித்துப் போட்டால் என்ன ஆகும் என்று காப்பி குடிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. உள்ளே புழுங்கும், பூசணம் பிடிக்கும். அது போதாதென்று வண்டியிலிருந்து ஒழுகிய எண்ணெய் வேறு. காப்பிக் கொட்டை பக்கத்தில் இருக்கிற வாடையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். வியாபாரி வந்தார், ஒரு பிடி அள்ளி முகர்ந்தார், “டீசல் வாடை அடிக்கிறதே ஆயா” என்றார். அவ்வளவுதான். அவர் சொன்னதுதான் விலை.

சரி, ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்போம் என்று அத்தையை அழைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், “களம் பொதுச் சொத்து அம்மா, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்” என்றார். அட, எப்பேர்ப்பட்ட தத்துவம்! அப்படியானால் அலுவலகமும் பொதுச் சொத்துதானே, நாளைக்கே மூன்று மூட்டைப் பழத்தைக் கொண்டுவந்து உங்கள் மேசைமேல் பரப்பிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன். அத்தைதான் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

எனக்கு ஆத்திரம் வண்டிக்காரர்கள்மேல்கூட அவ்வளவு இல்லை. ஒரு களத்தைக் கட்டி முடித்த பிறகு அது யாருக்குப் பயன்படுகிறது என்று பார்ப்பதற்கு இந்த நாட்டில் ஒரு ஆள்கூட இல்லையே, அதுதான் வயிற்றெரிச்சல். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் களம் கட்டிய வேலையின் கோப்பைக் கேட்டேன். 2005-இல் வந்த அந்தச் சட்டம் 30 நாட்களுக்குள் பதில் தரச் சொல்கிறது. கோப்பை மட்டுமல்ல, நடந்த வேலையையே நேரில் பார்வையிடும் உரிமையையும் தருகிறது. கோப்பு வந்தது. அதில் குறையே சொல்ல முடியாது! மதிப்பீடு இருக்கிறது, அளவுப் புத்தகம் இருக்கிறது, நீளம், அகலம், கனம், சிமெண்ட் மூட்டைக் கணக்கு, பணி நிறைவுச் சான்று எல்லாம் இருக்கின்றன. வேலைக்கு முன், நடக்கும்போது, முடிந்தபின் என்று மூன்று கட்டப் படங்கள், அட்சரேகை தீர்க்கரேகையோடு. வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோளுக்கு எங்கள் களம் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிகிறது. அதன்மேல் யார் வண்டி நிற்கிறது என்று கீழே இருக்கிற ஓவர்சியருக்குத் தெரியவில்லை.

நடந்த வேலையை ஊர் மக்களே சரிபார்க்கிற சமூகத் தணிக்கை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நூறு நாள் வேலைக்கான வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே அதைக் கிராம சபையின் கையில்தான் கொடுத்தது. எங்கள் ஊருக்கும் வந்தார்கள். கூலி வந்ததா, அட்டையில் வேலை நாள் பதிந்திருக்கிறதா, பெயர்ப் பலகை வைத்தார்களா என்று கேட்டார்கள். எல்லாம் கேட்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டிய களத்தில் யார் எதைக் காயவைக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. களம் இருக்கிறதா, இருக்கிறது. முடிந்தது கதை.

மேலதிகாரிகள் வருகிறார்களா என்றால் அதுவும் வருகிறார்கள். எப்போது? மே மாதம், கோடை விழாவை ஒட்டி! இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்து, பறிப்பு முடிந்து வெறிச்சோடிக் கிடக்கிற களத்தைப் பார்த்து, “நன்றாகப் பராமரிக்கிறீர்கள்” என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள். காப்பிக் களத்தை மே மாதத்தில் ஆய்வு செய்வதும் பள்ளிக்கூடத்தை ஞாயிற்றுக்கிழமை ஆய்வு செய்வதும் ஒன்றுதான்.

களம் மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை. அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் என்று 2006-இல் தொடங்கினார்களே, அதில் எங்களுக்கும் ஒரு நூலகம் கிடைத்தது. இப்போது அதற்குள் உடைந்த நாற்காலிகளும் எரியாத தெருவிளக்குகளும் குடியிருக்கின்றன. சேலத்துக்கு இறங்கினால் அங்கே வேறு கூத்து. துணிக்கடையில் பத்து மணி நேரம் நின்று வேலை பார்க்கிற பெண்களுக்கென்று கட்டிய கழிப்பறை, அவர்கள் வேலை முடிந்து பஸ் பிடிக்க வருகிற நேரத்தில் பூட்டிக் கிடக்கும். சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டுவார்கள். கணக்கில் எல்லாமே “செயல்பாட்டில் உள்ளது”.

இதைச் சரிசெய்யக் கோடிகள் தேவையில்லை, குழு அமைக்க வேண்டாம், செயலி வேண்டவே வேண்டாம். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு அதிகாரி முன்னறிவிப்பு இல்லாமல் வந்து களத்தில் நிற்கட்டும். பழத்தைக் கிளறிக்கொண்டிருக்கிற பெண்களிடம் இரண்டு வார்த்தை கேட்கட்டும். ஊராட்சித் தலைவரிடம் கேட்காமல், தலைவரை அழைத்து வருகிறவரிடமும் கேட்காமல், அவர்களிடம் கேட்கட்டும். இப்போது தலைவரும் இல்லை. சேலம் மாவட்டத்தில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவராவது தெருவில் எதிர்ப்பட்டால் நிறுத்திக் கேட்கலாம். தனி அலுவலரைப் பார்க்க ஒன்றிய அலுவலகத்துக்கு அலைய வேண்டும். போனால் “மீட்டிங்கில் இருக்கிறார்”.

நவம்பர் 1 உள்ளாட்சி தினம், அன்று கிராம சபை கூடியாக வேண்டும். பறிப்பும் அந்த வாரம் தொடங்கிவிடும். களத்தில் பிப்ரவரி முடியும்வரை எந்த வண்டியும் ஏறக் கூடாது, இதுவரை வசூலித்த பணம் எந்தக் கணக்கில் வைக்கப்பட்டது என்று சொல்ல வேண்டும் என்ற இரண்டையும் தீர்மானமாக எழுதிக் கொண்டுபோகிறோம். வழக்கம்போல வெற்றுத் தாளில் முதலில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கொள்கிறோம் என்றார்களானால், எங்கள் ஊர்ப் பெண்கள் ஒருத்தியும் கையெழுத்துப் போடப் போவதில்லை. அத்தை முதல் ஆளாக நிற்கிறாள்.