"1990-களுக்குப் பிறகு கலை மாறவே இல்லை" என்பது உண்மையா?

"1990-களோடு பாட்டு, ஆட்டம், சினிமா எல்லாம் நின்றுவிட்டன; இப்போது வருவதெல்லாம் பழசின் நகல்" என்று ஒரு செய்தி கோவை, ஈரோடு பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

பழைய பாட்டை ரீமிக்ஸ் செய்வதும் ஹிட் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுப்பதும் கூடியிருப்பது நிஜம். அதை வைத்து மாற்றமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

வள்ளி-முருகன் கதையைப் பாடி ஆடும் நம் வள்ளி ஒயில் கும்மியையே பாருங்கள். ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடினார்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து வாத்தியார் பத்ரப்பன் அந்த வழக்கத்தை உடைத்துப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். அதற்காகவும் சேர்த்துத்தான் 2024-ல் பத்மஸ்ரீ. இன்று கோயில் திருவிழாவில் கும்மி நடக்கும் ஊர்களில் பிள்ளைகளும் பாட்டிமார்களும் ஒரே வட்டத்தில் ஆடுகிறார்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் இதை யார் பார்த்தது? என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை.

ராப் இசையும் அப்படித்தான். கோவைப் பையன் ஆதி, ஜீவாவோடு சேர்ந்து தொடங்கிய ஹிப்ஹாப் தமிழா என்ற ராப் குழு முதலில் யூடியூப் வழியாகத்தான் பரவியது. 1990-களில் அந்த வழியே கிடையாது.

பத்ம விருதுப் பட்டியல் மத்திய அரசின் இணையதளத்தில் இருக்கிறது, யாரும் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீங்க. அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தை அனுப்புங்க.