மிக்கியை வரைந்த கை யாருடையது?

இந்த வாரம் முழுவதும் எல்லாப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களிலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காணொலியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "வால்ட் டிஸ்னி என்ற ஒரே மனிதன், யாருடைய துணையும் இல்லாமல், தன் கையாலேயே மிக்கியை வரைந்து ஒரு பேரரசை எழுப்பினான்; உன்னால் ஏன் முடியாது?" என்று பேச்சாளர் முழங்க, மண்டபத் தரையில் அமர்ந்திருந்த நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அனிமேஷன் துறையில் வரைந்து பிழைத்தவள் என்பதால் எனக்கு அந்தக் கைதட்டல் வலித்தது.

மிக்கியை வரைந்தவர் அப் ஐவர்க்ஸ். 1928இல் ஆஸ்வால்டு என்ற முயல் பாத்திரம் வால்ட்டின் கையைவிட்டுப் போனது. விநியோகஸ்தர் சார்லஸ் மின்ட்ஸ் ஓவியர்களில் பெரும்பாலோரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டபோது, உடன் நின்ற ஐவர்க்ஸ்தான் அந்த எலிக்கு உருவம் கொடுத்தார். முதல் படமான 'பிளேன் கிரேஸி'யை ஏறக்குறையத் தனி ஆளாக வரைந்து முடித்தார். நாளொன்றுக்கு 700 ஓவியங்கள் வரை வரைந்தார் என்று சொல்வார்கள். வால்ட்டோ 1920களின் நடுப்பகுதியிலேயே அனிமேஷன் வரைவதை விட்டுவிட்டார். மிக்கியின் குரல் அவருடையது, கதை சொல்லும் மேதைமையும் அவருடையது. வரைந்த கை அவருடையது அன்று. ரயில் பயணத்தில் தன் மனத்தில் மிக்கி பிறந்த கதையை வால்ட்டே பலமுறை சொல்லியிருக்கிறார் என்பதற்காக நாமும் அதைப் பிள்ளைகளிடம் வரலாறாகச் சொல்லிக்கொண்டிருக்கலாமா?

யாருடைய துணையும் இல்லாமலாம்! 1923 அக்டோபரில் அந்த நிறுவனம் தொடங்கியபோது அதன் பெயரே டிஸ்னி சகோதரர்கள் என்றுதான் இருந்தது. கணக்கு வழக்கையும் கடனையும் சுமந்த அண்ணன் ராய் காணொலியில் ஓரிடத்தில்கூட வரவில்லை. 1937 டிசம்பரில் வெளிவந்த 'ஸ்னோ ஒயிட்' படத்துக்குச் சுமார் 15 லட்சம் டாலர் செலவானது. வங்கிக் கடன் இல்லாமல் அது முடிந்திருக்காது. பென்சில் ஓவியம் ஒவ்வொன்றையும் செல்லுலாய்டுத் தாளின் முன்புறம் மையால் படியெடுத்து, பின்புறம் கோடு தாண்டாமல் வண்ணம் தீட்டிய இளம்பெண்கள் அந்த நிறுவனத்தில் ஒரு பெரும் பட்டாளமாக இருந்தார்கள். வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு 1938இல் அதே நிறுவனம் அனுப்பிய பதில் கடிதம் இன்றும் இருக்கிறது: படங்களுக்கான படைப்புப் பணி எதையும் பெண்கள் செய்வதில்லை, அது முழுக்க இளைஞர்களின் வேலை என்று.

அந்தக் கடிதத்தை முதன்முதலில் படித்தபோது என் பழைய மேசை நினைவுக்கு வந்தது. கோலாலம்பூரில் வெளிநாட்டுத் தொடர்களுக்கு வரைந்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் கிளீன்-அப், இன்-பிட்வீன் பிரிவில் இருந்தேன்; கரட்டு ஓவியத்தைத் தெளிவான கோடாக்குவதும், முக்கிய ஓவியங்களுக்கு இடைப்பட்ட அசைவுகளை வரைவதும்தான் எங்கள் வேலை. தாளுக்கு அடியிலிருந்து ஒளி தரும் லைட் பாக்ஸின் சூடு மணிக்கட்டில் ஏறும். தாள்கள் நகராமல் பிடிக்கும் பெக் பாரில் மாட்டியவற்றை விரலிடுக்கில் வைத்துப் புரட்டிப் புரட்டி, பாத்திரத்தின் கண் இமை ஒரு மயிரிழை விலகினாலும் அழித்து மறுபடி வரைவோம். அப்படி நாங்கள் வரைந்த ஒரு தொடர் இங்கே தொலைக்காட்சியில் வந்த அன்று, செந்தூல் வீட்டில் அம்மா அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். இறுதியில் ஓடிய பெயர்ப் பட்டியலில் நாங்கள் ஒருவர்கூட இல்லை. "வேகமாப் போயிருச்சும்மா, அதான் தெரியல" என்று அம்மாவே எனக்குச் சமாதானம் சொன்னார்.

டிஸ்னியின் 'பம்பி' படத்தின் அந்த மூடுபனிக் காட்டைப் பார்த்து வியக்காதவர்கள் குறைவு. சீனாவின் சுங் வம்சத்து ஓவிய மரபைக் கற்று, இலைகளையெல்லாம் துல்லியமாக வரையாமல் காட்டின் உணர்வை மட்டும் வண்ணத்தில் கொண்டுவந்தவர் டைரஸ் வோங். ஒன்பது வயதில் சீனாவிலிருந்து வேறொருவர் பெயரில் அமெரிக்கக் கரையிறங்கி, தடுப்பு நிலையத்தில் தனியே அடைபட்டுக் கிடந்த குடியேறி. 1938இல் டிஸ்னி நிறுவனத்தில் அவரை இன்-பிட்வீன் வேலைக்குத்தான் எடுத்தார்கள். அந்தப் படத்தின் முகத்தையே மாற்றியவரின் பெயர் பின்னணி ஓவியர்களில் ஒருவராக மட்டுமே திரையில் வந்தது. படம் வெளிவருமுன் வேலையும் போய்விட்டது. நம் பிள்ளைகளுக்கு ஊக்கம் தர வேண்டுமென்றால் இவரைவிட யார் வேண்டும்?

அவர் வேலை போனது டிஸ்னி ஓவியர்களின் 1941 வேலைநிறுத்தத்தை ஒட்டி. அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் இங்கே கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டிய அவமானம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களை வழிநடத்திய ஆர்.எச். நாதன் கைதானார், படை இறங்கியது, தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே மே மாத இறுதியில் கலிஃபோர்னியாவின் பர்பேங்கில் டிஸ்னி ஓவியர்கள் வாசலில் பதாகைகளுடன் நின்றார்கள். கூஃபி என்ற நாய்ப் பாத்திரத்துக்கு நடையும் குணமும் கொடுத்த ஆர்ட் பேபிட், நல்ல சம்பளம் வாங்கியவர், குறைந்த கூலிக்கு உழைத்தவர்களுக்காகச் சங்கத்தில் நின்றதால் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே துப்பாக்கிச் சூடு இல்லை. ஆனால் தோட்டத்து வாரிசுகள் கூடியிருந்த மண்டபத்தில் இந்த 1941 பற்றி ஒரு சொல்கூட இல்லாமல், முதலாளி தனியாளாய் ஜெயித்த கதை மட்டும் சொல்லப்பட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே வால்ட் 1947இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து, அந்த வேலைநிறுத்தம் கம்யூனிஸ்டுகளின் வேலை என்று சாட்சியம் சொன்னதையும் அந்த மேடை அறியவில்லை.

'பிள்ளைகளுக்கு ஊக்கம்தானே முக்கியம், இத்தனை விவரம் எதற்கு?' என்று கேட்பீர்கள். பொய்யில் வரும் ஊக்கம் முதல் தோல்வியிலேயே குற்ற உணர்ச்சியாகிவிடும். தனியாக முடியாதபோது, குறை தன்னிடம்தான் என்று அந்தப் பிள்ளை நினைக்கும். 'வால்ட் இல்லாமல் இதெல்லாம் நடந்திருக்குமா?' நடந்திருக்காது, அதை நான் மறுக்கவே இல்லை. 1930இல் பிரிந்து தனி ஸ்டூடியோ தொடங்கிய ஐவர்க்ஸ் அங்கே பெரிதாக வெல்லாமல் 1940இல் டிஸ்னிக்கே திரும்பினார் என்பதையும் அறிவேன். அதுவும் என் பக்கத்துக்குத்தான் சாட்சி: இருவருமே தனியாக முழுமையானவர்கள் இல்லை. 'இலவசமாக வந்து பேசுகிறவரைக் குறை சொல்லலாமா?' இலவசமாகத் தந்தாலும் வரலாறு வரலாறாக இருக்க வேண்டும்.

'துறையில் ஜெயிக்க முடியாத வயிற்றெரிச்சல்' என்று ஒருவர் அந்தக் காணொலியின் கீழேயே எனக்குப் பதில் எழுதியிருக்கிறார். அவருக்கு என்ன சொல்வது? பெயரில்லாமல் நாங்கள் வரைந்ததைப் பார்த்து வளர்ந்தவராகவும் அவர் இருக்கலாம். என் பெயர் வராததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். இனி வரைய வருகிற நம் பிள்ளைகளுக்கும், பெயர் கேட்பதே தவறு என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

அடுத்து கிள்ளான் பள்ளிகளுக்கு அந்த உரை போகிறதாம். பேச்சாளர் ஐயா தம் உரையில் ராய், ஐவர்க்ஸ், வோங், பேபிட் ஆகிய பெயர்களையாவது சேர்த்துக்கொள்ளட்டும். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: என் லைட் பாக்ஸ் இன்னும் வேலை செய்கிறது. ஒரு மணி நேரம் ஒதுக்கினால், ஒரு பந்து துள்ளி விழ எத்தனை தாள் வேண்டும் என்று பிள்ளைகளையே கூட்டாக வரைந்து பார்க்க வைக்கிறேன். கட்டணம் வேண்டாம், தாளும் பென்சிலும் நானே கொண்டுவருகிறேன். தலைமையாசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் யாராக இருந்தாலும் உள்பெட்டியில் எழுதுங்கள்.