ஆறிப்போகும் கிண்ணம்

உடம்புக்கு முடியாத நாளிலும் மனம் சரியில்லாத மாலையிலும் எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு கிண்ணம் ஃபோ என்னும் வியட்நாமிய நூடுல்ஸ் சூப், இல்லையென்றால் ரொட்டிக்குள் இறைச்சி வைத்து மடித்த இரண்டு மெக்சிகோ டாக்கோ. அந்த எளிய ஆறுதலைக்கூட நிம்மதியாக அனுபவிக்க விடாமல் கெடுப்பது உடன் வருபவரின் கைப்பேசிதான்.

எலும்பையும் அன்னாசிப்பூவையும் பட்டையையும் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து இறக்கிய சாறு ஆவி பறக்க மேசைக்கு வந்த கணமே, "கொஞ்சம் பொறுங்கள், யாரும் தொடாதீர்கள்" என்று ஆணை பிறக்கிறது. மெல்லியதாகச் சீவிய பச்சை மாட்டிறைச்சி அந்தச் சாற்றின் சூட்டில்தான் வேக வேண்டும் என்பதோ, அரிசி நூடுல்ஸ் நிமிடத்துக்கு நிமிடம் ஊறிக் குழைந்துவிடும் என்பதோ படம்பிடிப்பவர் காதில் ஏறுவதில்லை. துளசி இலையை இடப்பக்கம் நகர்த்தி, எலுமிச்சைத் துண்டைத் திருப்பிவைத்து, கடைசியில் ஆவி போதவில்லை என்று குறை வேறு சொல்வார். (ஆவியை விரட்டியவரே அவர்தான்.)

டாக்கோவின் கதி இன்னும் மோசம். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோளத்தில் சுட்ட டோர்ட்டியா என்னும் மெல்லிய ரொட்டியைச் சூட்டோடு மடித்துக் கடித்தால்தான் அது மணக்கும். ஐந்தாவது கோணத்தில் படம் எடுத்து முடிப்பதற்குள் சல்சா என்னும் காரச் சட்னி அடிவரை இறங்கி, கையில் எடுத்ததும் டோர்ட்டியா கிழிந்து, இறைச்சியும் அன்னாசித் துண்டும் தட்டில் சரிகின்றன. லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாவின் வழியில் மெக்சிகோவில் உருவான அல் பாஸ்டர் என்னும் அந்த அருமையான பண்டத்தை நான் முள்கரண்டியால் பொறுக்கித் தின்கிறேன். போன முறை எடுத்த படங்களை அவர் இன்னும் எவருக்கும் அனுப்பவே இல்லை.